படகின் வகை: படகு அல்ல

விசைப்படகைக் கரையில் ஏற்றிக் கட்டைகள் மேல் நிறுத்தியிருந்தார்கள். அதன் அடித்தகட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு குழி. மெக்கானிக் அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, குழியை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தபடியே பேசினார்.

“பாறையில ஏறியிருந்தா கோடு கோடாக் கீறியிருக்கும்க்கா. இங்க பெயிண்ட் நடுவுல லேசாத் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான். கீழேர்ந்து யாரோ முட்டியால இடிச்ச மாதிரி இருக்கு.”

“யாரோன்னு சொல்லாதே. ஊரே அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு,” என்றாள் ரிஜிஸ்டர் அக்கா.

“சரி, ஏதோன்னு வெச்சுக்கோங்க.”

“எழுதிக் குடுக்கும்போது என்ன எழுதுவே?”

“கீறல் இல்லைன்னு எழுதுவேன். பார்த்ததைத்தானே எழுத முடியும்.”

அவள் படகுத்துறை அலுவலகத்தின் எழுத்தர். ஏரியில் வந்து போகும் ஒவ்வொரு படகையும் பதிவேட்டில் ஏற்றுவது வேலை. பதினேழு வருடமாக அதையே செய்ததில் ஊருக்கே ரிஜிஸ்டர் அக்கா ஆகிவிட்டாள். ஒன்பது நாளைக்கு முன்னால் இந்தப் படகை ஓட்டியவர் அவளுடைய சொந்த அண்ணன். மாலை நடை, முப்பத்தோரு பயணிகள். கிழக்கு வளைவில் போகும்போது அடியிலிருந்து ஒரு மோதல். தகடுகளை இணைத்த தையல் விட்டுத் தண்ணீர் முழங்கால் உயரம் ஏறியது. நான்கு நிமிடத்தில் படகை ஆழமில்லாத மேட்டுத் தண்ணீருக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை. துணி தைக்கும் அம்மா ஒருவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

அன்றே அண்ணன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இரண்டு வரி. ‘கீழிருந்து ஏதோ எழும்பி வந்து மோதியது. பிறகு அமிழ்ந்துவிட்டது.’

அந்த இரண்டு வரிக்கு ஊர் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டது. ஏரியில் நீளன் என்று ஒரு அரக்கன் உண்டு என்பது இங்கே மூன்று தலைமுறைப் பேச்சு. ஏரிக்கரை ஓட்டல்காரர் மறுநாளே, உடைந்த படகுக்குப் பக்கத்தில் ‘நீளன் தாக்கிய படகு’ என்று பலகை நட்டுவிட்டார்.

வரும் வியாழக்கிழமை நீர்வழித் துறை ஆய்வாளர் வந்து விசாரிக்கிறார். அதுவரை அண்ணனின் உரிமம் நிறுத்திவைப்பு. பாறையில் ஏற்றினார் என்று முடிவானால் கவனக்குறைவு, உரிமம் ரத்து. அரக்கன் மோதியது என்று சொன்னால் சொன்னவருக்குப் புத்தி சரியில்லை, அப்போதும் ரத்து. ஐம்பத்தோரு வயதில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தச் சக்கரத்தைப் பிடிப்பது.

அவளுக்குக் கையில் ஆறு நாள் இருந்தது. போகிற வழியில் பலகையைப் பிடுங்கி, அலுவலகக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

படகுகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டாள். நீளனைப் பார்த்தவர்கள் படகுத்துறைக்கு வந்து பதிந்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். முதல் பதிவு தொண்ணூற்றிரண்டு வருடத்துக்கு முந்தையது. துணி துவைக்கப் போன மூன்று பெண்கள் வந்து சொன்னதை அன்றைய எழுத்தர் குறித்திருக்கிறார். அதற்கென்று தனிப் புத்தகம் கிடையாது. தண்ணீர் மேல் எது தென்பட்டாலும் பதிய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருந்தது. ஆகவே படகு வருகைப் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டார். எந்தப் பத்தியையும் காலியாக விடாத மனிதர்.

படகின் வகை: படகு அல்ல. உரிமையாளர்: தெரியவில்லை. பயணிகள்: இல்லை. ஏற்றி வந்த சரக்கு: கேட்க முடியவில்லை. தென்பட்ட கட்டம்: 9. நீர்மட்டம்: ஆறடி ஐந்து அங்குலம். குறிப்பு: கருப்பு. நீளம். அடிமரம் போல் எழுந்து, சற்று மிதந்து, அமிழ்ந்தது.

அவருக்குப் பின் வந்தவர்களும் அதையே பின்பற்றினார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முன்னவர் எழுதியிருந்தார், இவரும் எழுதினார். இப்படி நூற்று எழுபத்தொரு பதிவுகள்.

முதல் பதினைந்து வருடம் நீளனைப் பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்கள். துணி துவைத்தவர்கள், மீன் பிடித்தவர்கள், மர ஆலைக் கூலிகள். அவர்கள் பார்த்ததற்குக் கழுத்தும் இல்லை, கண்ணும் இல்லை. பெயர்கூட இல்லை, வெறும் ‘அது’. மதிப்பானவர்கள் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. அதைப் பார்ப்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

பிறகு ஒரு கோடையில் நீதிபதி ஒருவர் குடும்பத்தோடு படகில் போனபோது பார்த்துவிட்டார். அதோடு நிலைமை தலைகீழானது. அந்த வருடம் மட்டும் பதினாறு பதிவு. வக்கீல், தலைமை ஆசிரியர், நகராட்சி உறுப்பினர்கள் மூவர். இப்போது பார்க்காமல் இருப்பதுதான் கௌரவக் குறைச்சல். செய்தித்தாள் ஒன்று படம் போட்டது. வரைந்தவர் ஏரிப் பக்கமே வராதவர் என்று அந்தப் பத்திரிகையே பிற்பாடு எழுதியது. ஆனாலும் அவர் படத்தில் நீண்ட கழுத்து இருந்தது, அடுத்த மாதத்திலிருந்து ஏரியிலும் கழுத்து இருந்தது.

போர் வதந்தி உலவிய வருடங்களில் நீளனின் உடம்பில் இரும்பு ஆணிகள் தெரிந்தன. மர ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது நாலு தொழிலாளிகள் வந்து, நீளனுக்கு முதலாளியின் மீசை இருந்ததாகப் பதியச் சொன்னார்கள். எழுத்தர் சிரிக்காமல் பதிந்திருக்கிறார்: ‘மீசை, இருபுறமும் முறுக்கியது.’ மீன்பாடு குறைந்த வருடங்களில் நீளன் பெருந்தீனிக்காரன். ஏரிக்கரையில் ஓட்டல் வந்த பிறகு முதுகில் மூன்று திமில், ஓட்டலின் விளம்பரத் தாளில் இருந்த அதே மூன்று.

குறிப்புப் பத்தியை மட்டும் படித்தால் எண்பது வருடத்தில் நூற்று எழுபத்தொரு விதமான மிருகம். அவள் அதைக் கையால் மறைத்துக்கொண்டு மற்ற பத்திகளைப் படித்தாள். ஏரியைப் பதினான்கு கட்டங்களாகப் பிரித்து எண் போட்ட வரைபடம் அவள் தலைக்கு மேலே சுவரில் தொங்கியது. 9, 9, 4, 9, 9, 9, 11, 9. மீசை தெரிந்தது ஒன்பதில். நீதிபதி பார்த்தது ஒன்பதில். பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள். நூற்று இருபத்தாறு பதிவுகள் ஒன்பதாம் கட்டம். அதில் ஏழெட்டைத் தவிர எல்லாம் நீர்மட்டம் ஏழடிக்குக் கீழே இறங்கிய வெயில் வாரங்களில். படகு அடிபட்ட இடம் ஒன்பதாம் கட்டம். அன்றைக்குத் துறையின் நீர்மட்டக் கல்லில் அவள் பார்த்து எழுதிய மட்டம் ஆறடி எட்டு அங்குலம்.

ஒன்பதாம் கட்டத்துக்கு இன்னொரு பெயர் ஆலைத்துறை. அறுபது வருடத்துக்கு முன் மூடிய மர ஆலை, காட்டிலிருந்து மிதக்கவிட்ட மரங்களை அங்கேதான் கட்டிப் போட்டு வைத்திருந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் பதிவேட்டை எண்ணெய்க் கையால் தொடாமல், குனிந்து படித்தார்.

“ஆலை மரத்துல பத்துக்கு ஒண்ணு முழுகிடும்னு சொல்வாங்க. எடுக்க மாட்டாங்க, சேத்துல கிடக்கும். உள்ள அழுகும்போது காத்து சேரும்ல?”

“சேர்ந்தா தினமும் மேல வர வேண்டியதுதானே?”

“மேல தண்ணி அழுத்திக்கிட்டிருக்கு. சோடா பாட்டில் மூடியிருக்கறவரைக்கும் சும்மாத்தானே இருக்கு? தண்ணி குறையுது, வெயில்ல சூடாகுது. மூடியைத் திறந்த கதைதான். குபுக்னு கிளம்பும். மேல வந்து காத்து போனதும் திரும்ப உள்ள போயிடும்.”

“முதல் நாளே அடிமரம் போலன்னு அந்தப் பொம்பளைங்க சொல்லியிருக்காங்க.”

“அவங்க சொன்னதை யாரு கேட்டா?” என்றார் மெக்கானிக்.

அதுவரை எல்லாம் நேராகப் போயிற்று. அப்புறம் அவள் தன் சொந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

பதினோரு வருடத்துக்கு முன் அவளே மாற்றிய புத்தகம் அது. அரக்கனைப் படகு மாதிரி பதிவதைப் பார்த்துச் சிரித்தது போதும் என்று புதிதாக ஒன்று அச்சடிக்க வைத்தாள். கெட்டி அட்டை, மேலே மூன்று திமிலோடு நீளன், உபயம் ஏரிக்கரை ஓட்டல். உள்ளே பெயர், முகவரி, தேதி, நேரம், என்ன பார்த்தீர்கள், எப்படி உணர்ந்தீர்கள், படம் வரைய ஒரு பெட்டி. அரக்கனுக்கு எதற்குச் சரக்கு விவரம் என்று அப்போது மேலதிகாரியிடம் வாதாடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவர் பாராட்டியிருந்தார்.

நாற்பத்து மூன்று பதிவுகள். ‘மெய்சிலிர்த்தது.’ ‘வாழ்க்கை அர்த்தமுள்ளதாகத் தோன்றியது.’ ‘வாத்து மாதிரி இருந்தாலும் வாத்து இல்லை.’ எங்கே என்ற பத்தி இல்லை. நீர்மட்டம் என்ற பத்தி இல்லை.

பழையதை மட்டும் காட்டினால் ஆய்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி, அந்தக் காலத்துக் கதை இருக்கட்டும், இந்தக் காலத்தில் என்ன என்பதுதான்.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“வீட்டுல ரிப்பேர் பண்ண இனி ஒண்ணும் இல்லை,” என்றாள் அண்ணி. “நேத்து நல்லா இருந்த கதவைக் கழட்டிட்டார். வியாழக்கிழமைக்குள்ள எனக்குச் சுவர் மிஞ்சுமான்னு தெரியலை.”

“கதவு கிறீச்சுன்னுச்சு,” என்றார் அண்ணன்.

“இருபது வருஷமா கிறீச்சுங்குது. இப்பத்தான் உங்களுக்குக் காது கேட்டுச்சா?”

நடந்ததை அவள் சொன்னாள். தான் எடுத்துவிட்ட பத்திகளையும் மென்று விழுங்காமல் சொன்னாள். அண்ணன் குழாயைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாறைன்னு ஒத்துக்கிட்டா ஆறு மாசத்துல உரிமத்தைத் திருப்பிக் குடுத்துடுவாங்கன்னு சங்கத்துல சொல்றாங்க,” என்றார்.

“ஒத்துக்கப் போறீங்களா?”

“அங்க பாறை இல்லை. இல்லாத பாறையில நான் எப்படி ஏத்துவேன்?”

“மட்டம் கிடைச்சிடும்ண்ணா. நான் எழுதினதை நம்பலைன்னாலும் நீரேற்று நிலையத்துல தினமும் எழுதி வெச்சிருக்காங்க. இடம்தான் இல்லை.”

“பார்த்தவங்க பேர், முகவரி இருக்குல்ல? போய்க் கேளு.”

“கேட்டா மட்டும்?” என்றாள் அண்ணி. “ஒருத்தர் நாப்பது அடிம்பார், இன்னொருத்தர் நானூறு அடிம்பார்.”

“நீளத்தைக் கேட்கப் போறதில்லை அண்ணி. எங்க நின்னீங்க, எந்தப் பக்கம் பார்த்தீங்க, அதோட கிளம்பிடுவேன். பார்த்ததைத்தான் ஜனங்க பெருசு பண்ணுவாங்க. நின்ன இடத்தைப் பெருசு பண்ண முடியாது.”

நான்கு நாள், படகு இல்லாத நேரமெல்லாம் அலைந்தாள். கையில் ஏரி வரைபடத்தின் நகல், ஒரு பென்சில். பல் டாக்டர், ஒருவரின் வாய்க்குள் கருவியை விட்டபடியே பதில் சொன்னார். “பழைய ஆலைச் சுவர் மேல உட்கார்ந்திருந்தேன். அதுக்கு ரெண்டு தலை.” தலை வேண்டாம் டாக்டர், சுவர் போதும் என்று எழுதிக்கொண்டாள். நாற்காலியில் இருந்தவர் வாயைத் திறந்தபடியே தானும் பார்த்ததாகக் கையை ஆட்டினார். அவர் பெயரும் பட்டியலில் இருந்தது. பஞ்சைத் துப்பிவிட்டு வந்து வரைபடத்தில் விரல் வைத்தார். ஒன்பது.

பேருந்து நடத்துநர் ஒருவர் வருத்தப்பட்டார். “எழுதும்போது எப்படி உணர்ந்தீங்கன்னு கேட்டீங்க. நானும் மனசுவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். இப்ப வந்து எந்த ரோடுன்னு கேக்கறீங்களே.”

“உணர்ந்தது அப்படியே இருக்கட்டும் சார். ரோடு எது?”

“ஆலை ரோடுதான்.”

ஒரு கணவன் மனைவி மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இடத்தைச் சொல்லத் தயங்கினார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வருடப் பதிவு அது. “எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது,” என்றாள் மனைவி. “ஆலைக்குப் பின்னால இருக்கற மரத்தடி.” ரிஜிஸ்டர் அக்கா சிரிக்காமல் பென்சிலால் 9 என்று குறித்தாள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தொலைபேசி போட்டாள். இருபத்தாறு பேர் இடம் சொன்னார்கள். இருபத்திரண்டு பேர் ஒன்பதாம் கட்டத்தைப் பார்த்து நின்றவர்கள். நீரேற்று நிலையப் பொறியாளர் தேதிவாரியாக மட்டத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த இருபத்திரண்டில் இருபத்தொன்று ஏழடிக்குக் கீழே.

மிச்சம் இருந்ததில் ஏழு பதிவு ஒரே ஆளுடையது. ஓட்டல்காரர்.

புதன்கிழமை மத்தியானம் ஓட்டலுக்குப் போனாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற ஓட்டல்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்த மாதிரி பாவனை செய்தார். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

“வாம்மா. என் பலகையைக் காணோம்.”

“பத்திரமா இருக்கு சார். நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் தரேன்.”

“நாளைக்கு நானே வரேன். உங்க அண்ணனுக்குச் சாட்சி சொல்றேன். ஏழு தடவை பார்த்தவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான். நீளன்தான் மோதுச்சுன்னு அடிச்சுச் சொல்லிடறேன்.”

அவர் உண்மையிலேயே உதவ நினைத்தார். அதுதான் சங்கடம். அந்தச் சாட்சி ஏறினால் ஆய்வாளர் கண்ணுக்கு எல்லாமே கூத்தாகிவிடும், மரக்கட்டையையும் சேர்த்து. அவள் பையிலிருந்து படகு வருகைப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

“ஏழு தடவையும் உங்க மாடியிலேர்ந்து, எதிர்க்க மூணாம் கட்டத்துல. சரிதானே?”

“ஆமா.”

“முதல் பதிவு நாலு பத்துக்கு. அன்னிக்கு நாலு பத்துக்கு அண்ணனோட படகு மூணாம் கட்டத்துலதான் போயிட்டிருந்தது, முப்பத்தெட்டு பேரோட. ரெண்டாவதுக்கு நாப்பத்தொரு பேர். மூணாவது...”

“போதும்மா.”

“அத்தனை பேர்ல ஒருத்தர்கூடப் பார்க்கலை சார்.”

ஓட்டல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். மேலே தங்கியிருந்த குடும்பம் ஒன்று படிக்கட்டில் இறங்கி வந்தது. அவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“பொய்னு என்னை ஊர் முன்னாடி சொல்லச் சொல்றியா?”

“இல்லை. நீங்க வராம இருந்தா போதும். கணக்குல உங்க ஏழையும் சேர்க்கலைன்னு நான் சொல்லுவேன். ஏன்னு ஆய்வாளர் கேட்டா, இந்தப் புத்தகத்தைக் காட்டுவேன். கேட்கலைன்னா காட்ட மாட்டேன்.”

“கேட்பாரா?”

“கேட்கற ஆள் மாதிரிதான் சொல்றாங்க.”

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் படகுத்துறை மாடியில் விசாரணை தொடங்கியது. ஆய்வாளர் ஒல்லியான மனிதர். பென்சிலால் எழுதி, பக்கத்துக்கு ஒரு முறை சீவினார். சீவலைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். சுவரோரம் ஊர்க்காரர்கள். கடைசி பெஞ்சில் ஓட்டல்காரரும் இருந்தார்.

முதலில் தையல்காரம்மா. வலது கை மாவுக்கட்டில். “அவர் மேல கோபம்தான். எனக்குக் கைதான் எல்லாம்,” என்றார். “ஆனா படகு எதும்மேலயும் ஏறலை சார். மிஷின்ல காலை எடுத்தா பெடல் தானா எழும்பி வரும் பாருங்க, அப்படிப் படகோட அடிப்பலகை என் காலைத் தூக்குச்சு. நான் இருபத்தஞ்சு வருஷமா பெடல் மிதிக்கிறேன். அது எனக்குத் தெரியாதா?”

ஆய்வாளர் அதை வரி மாறாமல் எழுதினார். மெக்கானிக் கீறல் இல்லை என்றார். அண்ணன் தன் இரண்டு வரியை மறுபடி சொன்னார். நீளனா என்று கேட்டதற்கு, “எனக்குத் தெரியாததுக்கு நான் பேர் வைக்க மாட்டேன் சார்,” என்றார்.

அப்புறம் அவள் முறை. தொண்ணூற்றிரண்டு வருடத்தையும் ஒரே தாளில் கொண்டுவந்திருந்தாள். ஆய்வாளர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“பழைய பதிவெல்லாம் எழுதும்போதே இடமும் மட்டமும் குறிச்சிருக்கு. இந்தப் பதினோரு வருஷத்துக்கு நீங்க இந்த வாரம்தான் கேட்டு எழுதியிருக்கீங்க. அந்தப் பத்திகளை யார் எடுத்தது?”

“நான்தான் சார்.”

“ஏன்?”

“தேவையில்லைன்னு நினைச்சேன். தப்பு. முன்னால இருந்தவங்க யோசிக்காம செஞ்சாங்கன்னு நினைச்சேன். யோசிச்சுச் செஞ்சது நான்தான், என் புத்தகம்தான் எதுக்கும் உதவலை.”

“ஓட்டுநர் உங்க அண்ணன். நீங்களே போய்க் கேட்ட பதிலை நான் எப்படி எடுத்துக்கறது?”

“எடுத்துக்க வேண்டாம் சார். அந்த இருபத்தாறு பேர்ல பத்தொன்பது பேர் உள்ளூர். பாதிப் பேர் இந்த அறையிலயே இருக்காங்க. நான் வெளியில போறேன். வரைபடத்தை நீட்டி நீங்களே ஒவ்வொருத்தரையா கேளுங்க.”

அவள் படியிறங்கிக் கீழே போய் நின்றாள். அரைமணி நேரம். மாடியிலிருந்து பல் டாக்டர் குரலும் நடத்துநர் குரலும் மாறி மாறிக் கேட்டன. ஒரு தடவை பெரிய சிரிப்பு எழுந்தது. திரும்பக் கூப்பிட்டபோது ஆய்வாளர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“நாற்பத்து மூணு பதிவுல பத்துப் பேர் கிடைக்கலைன்னு எழுதியிருக்கீங்க. இன்னும் ஏழு கணக்குல இல்லையே, ஏன்?”

அவள் பதிவேட்டை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஓட்டல்காரர் எழுந்தார்.

“அது என்னோடது சார். என் பார்வை அப்ப அவ்வளவு சரியில்லை. கண்ணாடி மாத்தி ஏழு மாசம்தான் ஆகுது. அதைச் சேர்க்க வேண்டாம்.”

“ஏழு தடவையுமா சரியில்லை?”

“ஏழு தடவையும் ஒரே கண்ணாடிதான் சார்.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டு, தாளைத் திருப்பி, “தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா தாள்ல இருக்கற மரம் படகை இடிக்காது. போய்ப் பார்க்கலாம்,” என்றார்.

தூர்வாரும் படகில் போனார்கள். உரிமம் இல்லாததால் அண்ணன் சக்கரத்தைத் தொடவில்லை. ஓட்டிய இன்னொரு ஓட்டுநரின் பக்கத்தில் நின்று கையால் திசை காட்டினார். ஒன்பதாம் கட்டத்தில் சங்கிலியில் கொக்கி கட்டி இறக்கினார்கள். முதல் கால்மணி நேரம் வெறும் சேறும் கொடியும். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள். தாளில் எழுதியதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அறுபது வருடச் சேறு எவ்வளவு ஆழம் என்று எந்தப் பத்தியிலும் இல்லை.

நாலாவது இழுப்பில் கனம் தெரிந்தது. கப்பி முனகியது. கருத்து ஊறிய அடிமரம் ஒன்று விளிம்புக்கு வந்தது, வெட்டு முகத்தில் ஆலையின் முக்கோண முத்திரை. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் ஆறு. அண்ணன் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். எதிலும் படகின் நீலப் பெயிண்ட் இல்லை.

“இதுல எதுவும் இல்லை சார். இடிச்சது வேற.”

“ஏதாவது ஒண்ணைக் காட்டி இதுதான்னு சொல்லியிருக்கலாமே,” என்றார் ஆய்வாளர்.

“சொல்லலாம். அப்புறம் பெயிண்டையும் நானே அடிக்கணும்.”

பன்னிரண்டாவது தடவை கொக்கி சேற்றைக் கிளறிக்கொண்டு போனபோது, படகிலிருந்து முப்பது அடி தள்ளித் தண்ணீர் கொப்புளித்தது. சங்கிலி அந்தப் பக்கம் இல்லை. முதலில் ஒரு முனை மட்டும் மேலே வந்தது. கருப்பாக, நீர் வழிய, ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது. உள்ளிருந்து உஸ்ஸென்று காற்று வெளியேறியது. பிறகு உடம்பு முழுவதும் மேலே வந்து நீட்டி மிதந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்து உள்ளே போய்விட்டது.

மரம்தான் என்று படகில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஏழு மரம் கண்ணெதிரே கிடந்தது. இருந்தாலும் மெக்கானிக் தன் கையில் நின்ற மயிரைத் தடவி விட்டுக்கொண்டார்.

“கழுத்து மாதிரிதான் இருக்கு,” என்றார் ஆய்வாளர். அதை எழுதினாரா என்று அவள் எட்டிப் பார்த்தாள். எழுதவில்லை. மணி பார்த்து, நீர்மட்டம் கேட்டார். ஆறடி ஆறு அங்குலம் என்றாள். அதை எழுதினார்.

மூன்றரை மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து உத்தரவை அவரே எழுதினார். நீரடியிலிருந்து எழுந்த, வரைபடத்தில் குறிக்கப்படாத பொருள் மோதியது. ஓட்டுநர் மீது தவறு இல்லை. உரிமம் இந்த நிமிடம் முதல் செல்லும். நீர்மட்டம் ஏழடிக்குக் கீழே இருக்கும் நாட்களில் ஒன்பதாம் கட்டம் மூடப்படும், மரங்கள் அகற்றப்படும்வரை. கடைசி வரி அவளுக்கு: பதிவேட்டுப் பத்திகளை நீக்கிய எழுத்தர் கண்டிக்கப்படுகிறார். அதன் கீழே அவள் தெளிவாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஓட்டல்காரர் உத்தரவை இரண்டு முறை படித்தார். “வரைபடத்தில் குறிக்கப்படாத பொருள்,” என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். “இதுல எனக்கு ஒரு நகல் கிடைக்குமா?”

“எதுக்கு?”

“சும்மா, வரவேற்புல மாட்டி வைக்கலாம்னு. மரம்னு எங்கயும் போடலை பாரு.”

“மரங்கள் அகற்றப்படும்வரைன்னு போட்டிருக்கே.”

“அது வேற பத்தி.”

கதவுக்குப் பின்னாலிருந்த பலகையை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, அவள் ஜன்னலுக்கு வந்தாள். ஆய்வாளருக்குக் குழியின் படத்தை அனுப்பிவிட்டு, மெக்கானிக் தகட்டை அடித்து நிமிர்த்தி, தையலைப் பற்றவைத்து, முந்தாநாளே படகை இறக்கிவிட்டிருந்தார். அக்கரைக்கு நாலேகால் நடை. வழக்கமாக நாற்பது பேர் ஏறும் படகு. இன்றைக்குத் துறையில் ஐம்பது பேர் நின்றார்கள், ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம். வேடிக்கை பார்க்க வந்தவர்களும், அடுத்த நடையில் போகலாம் என்று நினைத்தவர்களும். தையல்காரம்மா கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏறவில்லை.

“யாரும் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?” என்று துறைமேட்டிலிருந்து அண்ணி கேட்டாள்.

“காலியா ஓட்டுவேன். நேரத்துக்குக் கிளம்பணும்ல,” என்றார் அண்ணன். எஞ்சினை முடுக்கிக் காதைச் சாய்த்துக் கேட்டார். திருப்தியாக இருந்தது போலிருந்தது.

அண்ணி ஏறி உட்கார்ந்தாள். அவளைத் தொடர்ந்து அவசரமாக அக்கரைக்குப் போகவேண்டிய இரண்டு பேர் ஏறினார்கள். அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை.

ஆய்வாளர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். அவருடைய பேருந்து அக்கரையிலிருந்துதான் புறப்படும். சுற்றிக்கொண்டு சாலையில் போனால் மூன்று மணி நேரம். கயிற்றருகே நின்று படகைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது.

“எந்தக் கட்டம் வழியாப் போவீங்க?” என்று அண்ணனைக் கேட்டார்.

“ஒன்பதை நீங்க மூடிட்டீங்களே சார். எட்டுல திரும்பி ஆறு வழியா. பன்னிரண்டு நிமிஷம் கூட ஆகும்.”

“என் பேருந்து அஞ்சு மணிக்கு.”

“பிடிச்சுடலாம். பின்னால உட்காருங்க, முன்னால தண்ணி தெறிக்கும்.”

ஆய்வாளர் ஏறுபலகையைத் தாண்டிப் படகுக்குள் கால் வைத்தார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு முன்வரிசைக்குப் போய், சக்கரத்துக்கு நேர் பின்னால், அண்ணனின் கைகள் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தையல்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்தார். கயிற்றைத் தாண்ட இடது கையால் அதைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. பல் டாக்டர் தூக்கிப் பிடித்தார். பிடித்த கையோடு அவரும் உள்ளே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர்.

“பலகையில காலை அழுத்தி வெச்சுக்கோங்கம்மா,” என்றார் அண்ணன்.

“அதை நீங்க சொல்லணுமா?” என்றார் தையல்காரம்மா.

பதினாறு பேரோடு, இரண்டு நிமிடம் தாமதமாக, படகு துறையை விட்டு நகர்ந்தது.